கொட்டியாரக் கரையின் அழுங்கு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறு கரையில் அமைந்த பழம்பெரும் ஊர் சம்பூர். அவ்வூரையும் அதைச் சூழ்ந்த மூதூர்ப் பகுதியையும் போன்ற வறண்ட நிலங்களில், பற்றைக்காட்டோரம் காணி வைத்திருப்போர் சில நாட் காலையில் ஒரு விநோதத்தைக் காண்பதுண்டு. முன்னாள் மாலை வரை முழுமையாய் நின்ற கறையான் புற்று ஒரு பக்கம் பிளந்து கிடக்கும். அருகில் புதுமண் சிதறியிருக்கும். கரடி வந்து போயிற்றென்று முதலில் எண்ணத் தோன்றும். அது பொருந்தாத எண்ணமுமன்று. கரடிக்கும் கறையான் விருப்பமான உணவே. ஆனால் அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாத வேறொரு பிராணியாகவும் இருக்கக்கூடும். அதுவே அழுங்கு. எறும்புண்ணி என்பதும் அதன் பெயரே. சிங்கள மக்கள் அதனைக் கபல்லேவா என்பர்.

உலகில் இன்று எட்டு வகை அழுங்குகள் உள்ளன. நான்கு ஆசியாவுக்குரியவை, நான்கு ஆபிரிக்காவுக்குரியவை. இலங்கையில் வாழ்வது ஒரே ஒரு வகை. இந்தியாவிலும் காணப்படும் அவ்வகை, மிக உயர்ந்த மலைகள் நீங்கலாக இத்தீவின் பல பாகங்களிலும் உண்டு. தலை முதல் வால் நுனி வரை நான்கடி வரை நீளும். எடை பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ வரை இருக்கும். உடலின் மேற்புறம் முழுவதும் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செதில்கள். செதிலைக் கண்டவர் இதனை உடும்பின் இனமென்றோ முதலையின் உறவென்றோ கருதிவிடுவர். உண்மையில் இது குட்டி ஈன்று பால் கொடுக்கும் விலங்கு. அச்செதில்களும் மீனின் செதில் போன்றவையல்ல. நம் விரல் நகம் எப்பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனவை.

அழுங்குக்குப் பல் இல்லை. முன்னங்கால் நகங்களே அதன் மண்வெட்டி. அவை நீண்டு வளைந்திருப்பதால், நடக்கும்போது நுனி தேய்ந்துவிடாதபடி அவற்றை உள்ளே மடக்கிக்கொண்டு கைமுட்டியால் ஊன்றி நடக்கிறது. புற்றைக் கிழித்ததும் பசை தோய்ந்த நீண்ட நாக்கை உள்ளே செலுத்தி, எறும்பும் கறையானும் அவற்றின் முட்டையும் ஒட்டிவர இழுத்துக்கொள்ளும். அந்நாக்கின் அடி தொண்டையோடு நின்றுவிடுவதில்லை. நெஞ்செலும்பின் கடைசி வரை உள்ளே செல்கிறது. பல் செய்ய வேண்டிய வேலையை இரைப்பை செய்கிறது. உணவோடு விழுங்கிய மணலும் சிறு கற்களும், கோழியின் இரைப்பையில் நிகழ்வது போலவே, உள்ளே கிடந்து அரைக்கின்றன.

ஆபிரிக்காவில் இதே தொழிலைச் செய்யும் மற்றொரு விலங்கு உண்டு. மண்பன்றி என்னும் பொருள்பட அதனை ஆட்வாக் என அழைப்பர். நமீபியா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளில் இரவெல்லாம் புற்றுத் தோண்டித் திரியும் அதற்கு நீண்ட காதும் பன்றி மூக்கும் உண்டு; செதில் கிடையாது. பழைய இயற்கை நூலார் இவ்விரண்டையும், தென்னமெரிக்க எறும்புண்ணியையும் சேர்த்து ஒரே குடும்பத்தார் என எழுதிவைத்தனர். இக்கால ஆராய்ச்சி அந்த உறவைப் பிரித்துவிட்டது. அழுங்குக்கு நெருங்கிய உறவினர் பூனையும் நாயும் அடங்கிய ஊனுண்ணிகள். மண்பன்றியின் உறவோ யானையோடும், மன்னார்க் கடலில் புல் மேயும் கடற்பசுவோடும் சென்று சேர்கிறது. ஒரே உணவை நாடி ஒரே விதமான நாக்கைப் பெற்றவை, உறவால் ஒன்றுக்கொன்று எட்டாத் தூரத்தவை.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1861இல் வெளியான தம் இலங்கை இயற்கை வரலாற்று நூலில் தாம் வளர்த்த இரண்டு அழுங்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்று கண்டிப் பக்கத்துச் சிறியது. வீடெங்கும் எறும்பு தேடி அலைந்தபின், வாலால் அவர் காலைப் பற்றி முழங்கால் மேல் ஏறித் தன் தேவையைத் தெரிவிக்குமாம். மற்றது சிலாபத்துக் காட்டில் பிடிபட்டது. அழுங்கு மரமேறாதென்று கேள்விப்பட்டிருந்த அவரை, தோட்டத்து மரத்தில் எறும்பைத் தேடி ஏறி வியக்கச் செய்தது. ஆட்சி அலுவல்களுக்கிடையே இத்தனை பொறுமையாய் ஒரு பிராணியைக் கவனித்த அதிகாரியைப் பாராட்டத்தான் வேண்டும்.

அழுங்கு பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு குட்டியே ஈனும். பிறந்த குட்டியின் செதில் மென்மையாயிருக்கும். தாய் வெளியே செல்லும்போது குட்டி அதன் வாலடியில் பற்றிக்கொண்டு சவாரி செய்யும். ஆபத்து நேரின் தாய் குட்டியை வயிற்றோடணைத்துப் பந்தாய்ச் சுருண்டுவிடும். சுருளும் பிராணி என்ற பொருளுள்ள மலாய்ச் சொல்லிலிருந்தே ஆங்கிலேயர் வழங்கும் பங்கோலின் என்னும் பெயரும் வந்தது. சிறுத்தையின் பல்லுக்கும் இப்பந்து இலேசில் திறக்காது.

சிறுத்தையைத் தோற்கடித்த இந்த உபாயமே மனிதனிடம் அழுங்கைக் காட்டிக்கொடுக்கிறது. ஓடாமல், கடிக்காமல் சுருண்டு கிடப்பதை ஒருவன் குனிந்து தூக்கிச் சாக்கில் இட்டால் போதும். இறைச்சிக்காகக் கொல்கிறார்கள். செதிலில் மோதிரம் செய்து அணிந்தால் நோய் தீருமென்று நம்புவோரும் உளர். நகத்தை வெட்டி மோதிரமாக்கி அணிந்து எவரும் நோய் தீர்ந்ததில்லை. அழுங்குச் செதிலும் அதுவே. ஆயினும் இந்நம்பிக்கையை மூலதனமாக்கிக் கடல் கடந்த வாணிகம் ஒன்று வளர்ந்தது. 2019 ஏப்பிரல் மாதத்தில், நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்ற இரண்டு சரக்குகளில் 25 தொன்னுக்கு மேற்பட்ட செதில்களைச் சிங்கப்பூர் அதிகாரிகள் கைப்பற்றினர். ஒரு மாதத்தில், ஒரு துறைமுகத்தில் அகப்பட்ட கணக்கு இது.

எட்டு வகையையும் சருவதேச வாணிகத்திலிருந்து விலக்குவதென 2016இல் ஜோஹனஸ்பேர்க்கில் கூடிய நாடுகள் தீர்மானித்தன. 2020இல் சீனம் தன் மருந்து நூலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது காக்கப்பட்ட விலங்காகும். சட்டம் தாளில் உறுதியாய் இருக்கிறது. பிடிப்பவன் காட்டில் இருக்கிறான்.

சம்பூரைப் பொறுத்தவரை வேறொன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டுப் போரில் அம்மக்கள் ஊரை விட்டகன்றனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் திரும்பியவர்கள் தம் காணிகளைப் பற்றை மண்டிய நிலையிற் கண்டார்கள். இத்தனை ஆண்டு முகாம்களில் வாடியவர் தம் நிலத்தைத் திருத்துவதில் குறை காண்பது நியாயமன்று. ஆயினும் காடு வெட்டுகையில் வளையும் வெட்டுப்படும். எரிக்கையில் அதனுள் உறங்குவதும் மாளும். பகலெல்லாம் நிலத்தடியில் துயில்வது அழுங்கின் வழக்கம். தீ மூட்டுமுன் காணியைச் சுற்றி வந்து, புதுமண் தள்ளிய வளை உண்டாவென்று பார்ப்பதற்கு அதிக நேரம் பிடியாது. யானைக்கென இடும் மின்வேலியின் தாழ்ந்த கம்பியும் கவனிக்கத் தக்கது. தென்னாபிரிக்காவில் அத்தகைய கம்பி தீண்டியதும் அஞ்சிச் சுருண்டு, கம்பியைத் தன்னுள் வைத்தே சுற்றிக்கொண்டு அழுங்குகள் பல மடிந்திருக்கின்றன.

வழியில் சுருண்டதொன்றைக் கண்டவர் அதைத் தொட வேண்டியதில்லை. நாயைக் கட்டிவிட்டு, விளக்கைத் தணித்து, சற்று எட்ட நின்றால் போதும். சிறிது நேரத்தில் பந்து மெல்ல நெகிழும். முதலில் வெளிவருவது கூரிய மூக்கு. அது காற்றை முகர்ந்து, பின் வால் விரிந்து, முன்கை முட்டி ஊன்றிப் பற்றைக்குள் நடந்து மறைந்துவிடும்.