விரித்த கை
எல்லையோரத் தற்காப்பு – 9

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு அந்தத் தம்பி வலது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றான். மூக்கண்டபள்ளியில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவன். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும்போது ஒருவன் செல்போனைப் பிடுங்கியிருக்கிறான். இவன் முஷ்டியை மடக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அவன் நெற்றியில் குத்தியிருக்கிறான்.

“ஒரே குத்து, மாஸ்டர். போனும் போச்சு, கையும் போச்சு.”

உடைந்தது சுண்டுவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கைக்குள் ஓடுகிற எலும்பு. அதன் மேல்முனைக்குச் சற்றுக் கீழே கழுத்துபோல ஒடுங்கிய ஓர் இடம் உண்டு, அங்கேதான் முறியும். வீக்கம் வடிந்த பிறகு கையை மூடிப் பார்த்தால் கடைசி முட்டி மட்டும் உள்வாங்கியிருக்கும். டாக்டர்கள் இதை ‘பாக்ஸர் ஃப்ராக்சர்’ என்பார்கள். பெயர்தான் அப்படி. பயிற்சி உள்ள பாக்ஸர் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் படும்படி நேராகக் குத்துவார். பழகாதவர்கள் கோபத்தில் கையைச் சுழற்றி வீசுவதால் கடைசி இரண்டு முட்டிகளே முதலில் போய் மோதுகின்றன. கையில் 27 எலும்புகள், பெரும்பாலும் மெல்லியவை. எதிரே இருப்பதோ மூளையைக் காக்க அமைந்த நெற்றியெலும்பு.

பழகியவருக்கும் இது நடக்கும். 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், விடிகாலைத் தெருச்சண்டையில் மிட்ச் கிரீன் என்ற குத்துச்சண்டை வீரரை மைக் டைசன் குத்தினார். அன்று அவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன். கிரீனுக்கு முகத்தில் தையல்; டைசனுக்கு வலது கையில் எலும்பு முறிவு. மேடையில் கையைச் சுற்றிய பட்டித்துணியும் கிளவுஸும் காத்த எலும்பைத் தெருவில் காக்க எதுவுமில்லை. 1867-ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டைக்குக் கிளவுஸைக் கட்டாயமாக்கின. எதிராளியின் முகத்தைக் காக்கத்தான் கிளவுஸ் என்று பலர் நினைக்கிறோம். அது முதலில் காப்பது குத்துகிறவரின் கையை.

நம் ஊரில் இதை வெறும் சண்டை நுணுக்கமாக நான் பார்க்கவில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை கையை நம்பித்தான் சம்பளம். நாலு வாரம் கட்டு, பிறகு விரல் மடங்கப் பயிற்சி. காண்ட்ராக்டில் இருப்பவருக்கு வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. ஆனால் உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்தக் கணக்கு எங்கே தேறும்?

முறிவை விட எனக்குப் பயம் தருவது பல் பட்ட காயம். வாயில் குத்தும்போது எதிராளியின் பல் முட்டித் தோலைக் கிழிக்கும். சின்னக் கீறல் என்று மஞ்சள் வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். வாயிலிருக்கும் கிருமி மூட்டுக்குள் போனால் இரண்டு நாளில் கை வீங்கி, ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும். அப்படிக் கீறல் பட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

சரி, வேறு எதால் அடிப்பது? விரித்த கையால்.

அன்றைய வகுப்பில் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டலில் தங்கி, அசெம்பிளி லைனில் வேலை. “மூடினாத்தானே மாஸ்டர் பலமா விழும்?” என்று கேட்டாள். மாடியில் பழைய அரிசிச் சாக்கில் துணியும் மணலும் அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். “நீயே அடிச்சுப் பாரும்மா” என்றேன். முஷ்டியால் குத்தினாள், மணிக்கட்டு மடங்கியது, முகம் சுளித்தாள். பிறகு கையை விரிக்கச் சொன்னேன். மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, விரல்களைச் சற்று மடக்கி, உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டியிருக்கும் சதைமேடு மட்டும் சாக்கில் படவேண்டும். முழங்கையை விறைக்கக் கூடாது. இடுப்பிலிருந்து தள்ளிவிட வேண்டும். இரண்டு முறை தயங்கினாள். மூன்றாவது அடியில் சாக்கு போய்த் திரும்பி வந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை.

இது அவளுக்கு மட்டும் வாய்த்ததல்ல. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் கேரியரும் மைக்கேல் மார்கனும் சண்டைப் பயிற்சி உள்ளவர்களை மூடிய கையாலும் விரித்த கையாலும் மூட்டையை அடிக்கவிட்டு அளந்தார்கள். அடியின் உச்ச விசையில் முஷ்டி கூடுதலாக எதையும் தரவில்லை. முஷ்டியில் விசை சிறிய இடத்தில் குவியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய இடம்தான் உடைகிறது.

உள்ளங்கை அடி வேறு, கன்னத்தில் அறைவது வேறு. அறை காதில் விழுந்தால் செவிப்பறை கிழியும், அதைச் செய்யாதீர்கள். குறி மூக்கு அல்லது மோவாய். மூக்கில் அடித்தால் எலும்பு மூளைக்குள் ஏறி ஆள் செத்துவிடுவான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். கண்ணில் நீர் நிறையும், தலை பின்னால் போகும். ஓடுவதற்கு அந்த நொடி போதும். நம் குத்துவரிசையிலும் பெயரில்தான் குத்து. உள்ளங்கை அடிகளும் அதில் உண்டு.

முஷ்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பழகியவருக்கு வயிறு போன்ற மெத்தென்ற இடத்தில் அது நல்ல ஆயுதம். வாரம் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற ஷிஃப்ட் தொழிலாளிக்கு ஒன்றைத்தான் கற்றுத் தர முடியுமென்றால், நான் உள்ளங்கையைத்தான் கற்றுத் தருவேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு கையையும் நெஞ்சுயரத்தில் விரித்து, “வேண்டாம், தள்ளிப் போ” என்று உரக்கச் சொல்லுங்கள். தமிழோ, கன்னடமோ, தெலுங்கோ, இந்தியோ, இங்கே எல்லாருக்கும் அந்தக் கை புரியும். அடிக்கவும் அதுவே தயார்நிலை. கடைக்காரரும் சி.சி.டி.வி.யும் பார்ப்பது சண்டை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையான பிரிவுகளில் தற்காப்பு உரிமையைத் தருகிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37. எலும்போ பல்லோ உடைந்தால் அது கொடுங்காயம். தற்காப்பு என்று நிரூபிக்க முடியாவிட்டால் ஏழு ஆண்டு வரை சிறை. விரித்த கையாலும் மூக்கு உடையலாம். அதனால் ஓட வழி கிடைத்ததும் அடியை நிறுத்திவிடுங்கள்.

ஓடி வெளிச்சத்துக்கு வந்ததும் 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181-ம் உண்டு. சம்பவம் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியில் நடந்ததா, நம் பக்கம் ஜூஜூவாடியில் நடந்ததா என்று குழம்ப வேண்டாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. “அது கர்நாடகா கேஸ், அங்கே போ” என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது)