அடுத்த வீட்டு அழுகையும் என் ரேடியோவும்



மனசை உறுத்தும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லி விடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். "நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு?" என்பார் என் மாமியார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகள் காதில் விழக்கூடாதென்று, சமையலறை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்! மறுநாள் அவள் வீங்கிய கன்னத்தோடு குழாயடிக்கு வருவாள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேங்க்கா" என்பாள். "பார்த்து நடக்கக் கூடாதாம்மா?" என்பேன். அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அதே ரேடியோவை வைத்து வேறு நாட்டுப் பெண்கள் செய்த காரியத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு. அதன் கிழக்கே கிவு ஏரிக்கரையில் புகாவு என்று ஒரு நகரம். 1990-களின் பின்பாதியில் மூண்ட போரில், ஆயுதக் கும்பல்கள் கிராமங்களில் புகுந்து பெண்களைச் சீரழித்தன. ஊரையே நடுங்க வைத்து அடக்க அதுதான் அவர்களுக்கு வழி. பாதிக்கப்பட்டவளைக் கட்டிய புருஷனே வீட்டை விட்டுத் துரத்திய கொடுமையும் உண்டு. பிறகு யார் வாய் திறப்பார்கள்?

அங்கே ஷூஷூ நமேகாபே என்ற ரேடியோ நிருபர் துணிந்தார். 2003-ல் பெண் பத்திரிகையாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போய், அவர்கள் வாயாலேயே நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள்.

முதல் சிக்கல் எதில் வந்தது தெரியுமா? வார்த்தையில்! அந்தக் கொடுமையை ரேடியோவில் சொல்ல அவர்கள் பேச்சில் ஒரு சொல்லே இல்லையாம். தான்சானியா நாட்டு சுவாஹிலியிலிருந்து 'உபகாஜி' என்ற வார்த்தையைக் கடன் வாங்கினார்கள். பேரில்லாத கொடுமையை யாரிடம் போய்ப் புகார் செய்வது, சொல்லுங்கள்!

ரேடியோ கேட்க எழுத்துப் படிப்பு வேண்டாம். கரண்ட் இல்லாத குடிசையிலும் பேட்டரியில் பாடும். அடுப்படியை விட்டு நகராமலே, எங்கோ ஒருத்தி பேசுவதைக் கேட்டு, "நான் மட்டும் இல்லை" என்று ஒருத்தி தெம்பு பெறலாம். 2009-ல் நமேகாபே அமெரிக்க செனட் குழுவின் முன்பே போய் இந்தப் பெண்களுக்காகப் பேசினார். இப்படிப்பட்ட பெண்களுக்கு அதே புகாவுவில் சிகிச்சை செய்த டாக்டர் டெனிஸ் முக்வேகேவுக்கு 2018-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

போர் ஓய்ந்து விடவில்லை. 2025 பிப்ரவரியில்கூட அந்த நகரம் கலகப் படையின் கைக்குப் போனது. ரேடியோவால் துப்பாக்கியைப் பிடுங்க முடியாதுதான். ஆனால் வெட்கப்பட வேண்டியது யார் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்ல முடிந்ததே!

நம் நாட்டில் குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் வருஷச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடிபட்டவள்தான் போக வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. 181-க்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும். அன்றைக்கு இதெல்லாம் இருந்திருந்தால் மட்டும் நான் செய்திருப்பேனா? சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் குடும்பம் எப்போதோ வீடு மாறிப் போய்விட்டது. அவள் முகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதெல்லாம் பக்கத்தில் கூச்சல் கேட்டால் முதலில் ரேடியோவை அணைக்கிறேன். அப்புறம் ஒரு கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டுகிறேன். "கொஞ்சம் காபித்தூள் இருக்குமா?" கதவு திறந்தாலே ஓங்கின கை இறங்கி விடுகிறது.

நீங்களும் தட்டிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திருச்சி.