ஹைப்ரிட் காரும் சோர்ந்துபோன பாட்டரியும்

பெட்ரோல் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஒருங்கே கொண்டு ஓடும் மோட்டார் கார்களை 'ஹைப்ரிட்' கார்கள் என்று அழைக்கிறார்கள். 1997-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் என்ற வண்டியே பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைப்ரிட் கார் ஆகும். நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டில் டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா முதலிய ஹைப்ரிட் வண்டிகள் வெளிவந்தன. ஆகவே இவ்வகை வண்டிகள் இன்று நமக்கு முற்றிலும் புதியன அல்ல. ஆயினும் அவற்றின் பாட்டரி சோர்ந்து வண்டி நின்றுவிட்டால், பழைய கார்களில் பழகிய கையோடு காரியத்தில் இறங்குவோர் பலர். அது பெருநஷ்டத்திலும், சில சமயம் உயிரபாயத்திலும் கொண்டுபோய் விடக்கூடும். முறையறிந்து செய்தாலோ, கால்மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய காரியம் இது. அம்முறையை இங்கே விளக்க முற்படுவோம்.

இரண்டு பாட்டரிகள்

ஹைப்ரிட் காரில் இரண்டு பாட்டரிகள் உண்டு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று, மோட்டாரை ஓட்டும் பெரிய பாட்டரி. 2003-லும் 2009-லும் வெளிவந்த பிரியஸ் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் பெரிய பாட்டரியில் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் அளவுள்ள 168 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. மொத்தம் 201.6 வோல்ட். ஆளைக் கொல்லப் போதுமான மின்னழுத்தம் இது. மற்றொன்று, சாதாரணக் கார்களில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட் சிறிய பாட்டரி. ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்டது.

எஞ்சினைச் சுழற்றித் தொடங்கி வைப்பது பெரிய பாட்டரியின் வேலை. அப்படியானால் சிறிய பாட்டரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வண்டியின் கம்ப்யூட்டர்களை விழிக்கச் செய்வதும், பெரிய பாட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே என்னும் மின்கதவுகளை மூடி இணைப்பை ஏற்படுத்துவதும் அதன் பொறுப்பு. வண்டி ஓடாத வேளையில் பெரிய பாட்டரி பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்டே இருக்கும். இரும்புப்பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி வைத்திருப்பவர் வராவிட்டால் சங்கத்தில் பட்டுவாடா நடவாது அல்லவா? அதுபோலவே, பெரிய பாட்டரி நிரம்பியிருந்தும் சிறிய பாட்டரி சோர்ந்துவிட்டால் வண்டி அசையாது. 'பாட்டரி போய்விட்டது' என்று கூறப்படும் ஹைப்ரிட் கார்களில் பெரும்பாலானவற்றில் சோர்ந்திருப்பது சிறிய பாட்டரியே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, நாம் உயிர்ப்பிக்க வேண்டியது 12 வோல்ட் பாட்டரியை மட்டுமே. பெரிய பாட்டரியை எக்காரணம் கொண்டும் தொடலாகாது. அதன் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை இட்டிருப்பார்கள். அந்நிறத்தைக் கண்ட இடத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, சாதாரணக் காரில் எஞ்சினைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் தேவைப்படும். ஹைப்ரிட் காரிலோ ரிலேக்களையும் கம்ப்யூட்டர்களையும் இயக்கச் சிறிதளவு மின்சாரமே போதும்.

தொடங்குமுன்

வண்டியைத் தள்ளி எஞ்சினைக் கிளப்பும் பழைய உபாயம் இங்கே பலிக்காது. கிளட்ச் போட்டு விடுவிக்கும் ஏற்பாடு இவ்வண்டிகளில் இல்லை. மேற்கூறிய பிரியஸ் வண்டிகளில் 'பார்க்கிங்' பூட்டும் மின்சாரத்தால் இயங்குவதாகையால், பாட்டரி சோர்ந்தபின் சக்கரங்களை உருட்டவும் இயலாது.

உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட் பாட்டரி கொண்ட சாதாரணக் காராக இருத்தல் வேண்டும். பெரும்பாலான லாரிகளிலும் பஸ்களிலும் 24 வோல்ட் ஏற்பாடு உள்ளது. நடுவழியில் நிற்பவர்களுக்கு லாரி டிரைவர்களே முதலில் உதவ முன்வருவது வழக்கம். அவர்களுடைய நல்லெண்ணத்துக்கு நன்றி கூறி, அந்த இணைப்பைத் தவிர்த்துவிட வேண்டும். இரு மடங்கு மின்னழுத்தம் வண்டியின் கம்ப்யூட்டர்களைப் பாழாக்கிவிடும்.

சிறிய பாட்டரி எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். நாம் உதாரணமாக எடுத்துக்கொண்ட பிரியஸ் வண்டிகளில் அது பின்புறச் சாமான் அறையின் வலப்பக்கத்தில் உள்ளது. அந்த அறையின் கதவோ மின்சாரத்தால் திறப்பது. பாட்டரி சோர்ந்தால் வெளியிலிருந்து திறவாது. ஆகையால் முன்புற பானெட்டின் கீழ், ப்யூஸ் பெட்டிக்குள், சிவப்பு மூடியிட்ட தனி இணைப்பு முனை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். கதவுகள் திறக்காவிட்டால், கைச்சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே பானெட்டின் நெம்புகோலை இழுக்கலாம். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் கைப்புத்தகத்தில் இந்த இடத்தை இன்றே பார்த்து வைத்துக்கொள்வது நலம். இருட்டிலும் மழையிலும் தேடத் தொடங்குவது உசிதமன்று.

பாட்டரி வீங்கியோ, வெடித்தோ, திராவகம் கசிந்தோ இருந்தால் இணைப்பு வேலையில் இறங்கவே கூடாது. ஈயப் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஒரு தீப்பொறி பட்டாலும் அது வெடிக்கும். ஆகவே அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி ஆகாது. மோதிரம், கடிகாரம் முதலியவற்றைக் கழற்றி வைப்பதும், கண்களுக்குக் கண்ணாடி அணிவதும் நல்லது.

இணைக்கும் முறை

இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நிற்க வேண்டும். இரண்டின் ஸ்விச்சுகளையும் அணைத்து, விளக்கு, விசிறி, ரேடியோ யாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு பின்வரும் வரிசையில் கம்பிகளை இணைக்கவும்.

1. சிவப்புக் கம்பியின் ஒரு முனையை ஹைப்ரிட் காரின் கூட்டல் (+) முனையில் பொருத்துக.

2. அதன் மறு முனையை உதவி வண்டியின் பாட்டரியிலுள்ள கூட்டல் முனையில் பொருத்துக.

3. கறுப்புக் கம்பியின் ஒரு முனையை உதவி வண்டியின் பாட்டரியிலுள்ள கழித்தல் (−) முனையில் பொருத்துக.

4. அதன் மறு முனையை ஹைப்ரிட் காரில், இணைப்பு முனைக்கும் சுழலும் உறுப்புகளுக்கும் எட்டத்தில், வர்ணம் பூசாத கனமான இரும்புப் பாகத்தில் பொருத்துக.

நான்காவது இணைப்பின்போதுதான் பொறி பறக்கக்கூடும். அப்பொறி வாயு வெளிப்படும் பாட்டரியை விட்டு விலகி இருக்க வேண்டும் என்பதே இந்த வரிசையின் காரணம். கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் பொருத்தினால் ஒரு கணத்தில் பெரிய ப்யூஸ் எரிந்துபோகும். விலையுயர்ந்த மின் உறுப்புகளும் கெடக்கூடும். நிறத்தை மட்டும் நம்பாமல், பாட்டரியின் மேல் பொறித்துள்ள குறிகளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பின்பே கிளிப்புகளைப் பொருத்த வேண்டும்.

இனி உதவி வண்டியின் எஞ்சினைக் கிளப்பி, வேகத்தைச் சிறிது கூட்டி, சுமார் 5 நிமிஷம் ஓடவிடுக. பின்னர் ஹைப்ரிட் காரில் அமர்ந்து, பிரேக்கை மிதித்தபடி 'பவர்' பொத்தானை அழுத்துக. 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால் வண்டி தயார். எஞ்சின் சத்தம் கேட்கவில்லையே என்று ஐயுற வேண்டாம். ஹைப்ரிட் காரில் எஞ்சின் தேவைப்படும்போது தானே ஓடத் தொடங்கும். சத்தமில்லை என்று எண்ணிப் பொத்தானை மறுபடியும் அழுத்துவோர், உயிர்பெற்ற வண்டியைத் தாமே அணைத்துவிடுகிறார்கள்.

கம்பிகளை அகற்றும்போது, இணைத்த வரிசைக்கு நேர்மாறாக அகற்ற வேண்டும். அதாவது, இரும்புப் பாகத்தில் பொருத்திய கறுப்பு முனையே முதலில் வர வேண்டும்.

பின்பு செய்ய வேண்டுவது

'ரெடி' நிலையில் இருக்கும்போது பெரிய பாட்டரியிலிருந்து மின்சாரம் குறைந்த அழுத்தத்துக்கு மாற்றப்பட்டுச் சிறிய பாட்டரிக்குச் செல்லும். ஆகவே வண்டியை உடனே அணைக்காமல் அரைமணி நேரமாவது ஓட்டுவது அவசியம். நிறுத்தி வைத்திருந்தால் 'பார்க்கிங்' நிலையில் வைக்க வேண்டும். ஆனால் மூடிய கொட்டகையில் இதைச் செய்யலாகாது. ஓசையற்று நிற்கும் வண்டியில் எஞ்சின் எந்நேரமும் தானே கிளம்பும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. உறங்குபவர்களை விழிக்கவிடாமலே கொன்றுவிடும்.

எல்லா வண்டிகளுக்கும் இம்முறை பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம். ஹூண்டாய் அயோனிக், கியா நிரோ ஆகியவற்றின் ஹைப்ரிட் வகைகளில் சிறிய பாட்டரியும் லிதியத்தால் ஆனது. அவற்றில் '12 வோல்ட் ரீசெட்' என்ற பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பிவிடலாம். வேறு வண்டியின் உதவி வேண்டியதில்லை. ஆகவே கைப்புத்தகம் கூறுவதே முடிவான விதி.

பிறருக்கு உதவலாமா?

நம்முடைய ஹைப்ரிட் காரைக் கொண்டு பிறர் காரைக் கிளப்பலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது என்றே பல கைப்புத்தகங்கள் எச்சரிக்கின்றன. சிறிதளவு மின்சாரத்துக்கென்று அமைந்த பாட்டரியும் மின்மாற்று உறுப்பும், சாதாரண எஞ்சின் ஒரே மூச்சில் கேட்கும் பெரிய அளவைத் தாங்க மாட்டா. தன் சக்திக்கு மீறிக் கடன் கொடுப்பவர் இருவரையும் நடுவழியில் நிறுத்திவிடுவார். அவசியம் நேரின் கம்பிகளைக் கொடுத்து உதவலாம். வேறொரு சாதாரண வண்டியைத் தேடித் தரலாம்.

வருமுன் காத்தல்

உள்விளக்கை அணைக்காமல் விடுதல், 'ரெடி' நிலைக்கு வராமலே நெடுநேரம் ரேடியோ கேட்டல், வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதிருத்தல் ஆகியவையே பாட்டரி சோர்வதற்கு முக்கியக் காரணங்கள். நல்ல பாட்டரி ஓய்வாக இருக்கையில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது பெரும்பாலும் காலியாகிவிட்டதென்று கொள்ளலாம். ஒருமுறை உதவி பெற்றபின் மறுவாரமே மீண்டும் சோர்ந்தால் பாட்டரியை மாற்றிவிடுவதே சிக்கனம். வண்டிக்குள்ளே வைக்கும் பாட்டரியானால், வாயுவை வெளியே கொண்டுசெல்லும் சிறு குழாய் பொருத்தும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்; பொருத்திய பின் அக்குழாய் இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

வண்டி வைத்திருப்போர் மட்டுமன்றி, அதை ஓட்டுவோரும் அதில் பிரயாணம் செய்வோரும் இவ்விவரங்களை அறிந்திருத்தல் நன்று. இணைப்பு வரிசையை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டி வைத்தால், அவசர வேளையில் நினைவை மட்டும் நம்பி நிற்க வேண்டியிராது.