யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம்?

கோர்ட்டுக் கட்டடத்தில் பிறந்து, நம் வீட்டு அடுக்களை வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்ட சொற்கள் சில உண்டு. வாய்தா, ஜாமீன், பட்டா, ஜப்தி... இவற்றை வக்கீல்கள் மட்டுமா பேசுகிறார்கள்? கடனைத் திருப்பித் தராதவர் "வாய்தா சொல்கிறார்" என்று நாமே அலுத்துக்கொள்கிறோம் அல்லவா!

அந்த வரிசையில் மிகவும் சாதுவான சொல் "ஒப்பந்தம்". வீடு வாடகைக்கு எடுத்தால் பதினோரு மாத ஒப்பந்தம். மனை வாங்க முன்பணம் கொடுத்தால் கிரய ஒப்பந்தம். நட்சத்திரம் புதிய படத்தில் "ஒப்பந்தமாகியிருக்கிறார்" என்று சினிமாப் பக்கத்தில் படிக்கிறோம். கல்யாணச் சமையலை மட்டும் யாரும் ஒப்பந்தத்துக்கு விடுவதில்லை, அது "காண்டிராக்ட்"! சொல் இரண்டு, சங்கதி ஒன்றுதான்.

இதற்குச் சட்டம் சொல்லும் அர்த்தம் என்ன? நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டில் வந்தது. இன்றும் அதுவே நடப்பிலிருக்கிறது. அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு பேர், சட்டத்துக்கு விரோதமில்லாத ஒரு காரியத்துக்கு, மனம் ஒப்பி உடன்பட வேண்டும். ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவரும் ஒன்று தர வேண்டும். மிரட்டியோ, ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. முத்திரைத்தாள் எல்லாவற்றுக்கும் தேவை என்பதும் இல்லை. கீரைக்காரி விலை சொல்லி, நீங்கள் "சரி, கொடு" என்றால் அதுவும் ஒப்பந்தமே.

ஆக, இந்தச் சொல்லின் தலையிலேயே "ஒப்பு" இருக்கிறது. ஒப்புக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்.

இப்போது சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போவோம். இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. முன்பெல்லாம் கோயிலுக்காக இங்கே இறங்கியவர்கள்தாம் அதிகம். இப்போது இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மோட்டார் கார்கள் தயாராகின்றன. சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசிகளும், குளிர்சாதனப் பெட்டிகளும், சலவை இயந்திரங்களும் உருவாகின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலை நெடுகக் கம்பெனி பஸ்கள்தாம். அவற்றில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அரைத் தூக்கத்தில் தலை சாய்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்!

அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி சம்பளத்தைப் பற்றி இராது. "பெர்மனென்ட்டா, காண்டிராக்ட்டா?" என்பதுதான். வரன் பேசுகிற இடத்திலும் இதே கேள்வி. சாதுவாக இருந்த நம் சொல் இங்கே வந்ததும் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறதே, ஏன்?

"ஒப்பந்தத் தொழிலாளி" என்ற தொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒப்பந்தம் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியல்ல. ஒப்பந்தம் தொழிற்சாலைக்கும் ஆள் அனுப்பும் காண்டிராக்டருக்கும் இடையே. அவளை வேலைக்கு வைப்பவர், சம்பளம் கொடுப்பவர் காண்டிராக்டர். தொழிற்சாலைக்குச் சட்டம் தரும் பெயர் "முதன்மை வேலையளிப்பவர்". பட்டத்தை அவள் சுமக்கிறாள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து அவளுடையது அல்ல!

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. 1860 நவம்பரில் "ட்ரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் தோட்டங்களுக்கு அப்படிப் போனவர்களை "ஒப்பந்தக் கூலிகள்" என்றார்கள். ரேகை வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? இலங்கையின் மலைத் தோட்டங்களில் துரைக்கும் கூலியாளுக்கும் நடுவே கங்காணி நின்றார். முன்பணமும் கடனும் அவர் கை வழியாகவே வந்தன. நடுவிலே ஒரு ஆள் நிற்கும்போது, குறை சொல்ல எந்தக் கதவைத் தட்டுவது என்பது அன்றைக்கே பெரும் பிரச்னைதான்.

2021 டிசம்பரில் இந்தப் பிரச்னை ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைக்கே வந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களை வேலைக்குச் சேர்த்ததும், விடுதியில் தங்க வைத்ததும் காண்டிராக்டர்கள். தோழிகளின் நிலை என்னவென்று தெரியாமல் கலங்கிய பெண்கள் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தட்டுவதற்குக் கதவு தெரியாதவர்கள் வேறெங்கே போவார்கள்? தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ம் தேதிதான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் சம்பளம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது. ஒப்பந்தமே வெறும் போலி என்று நிரூபணமானால், தொழிலாளியைத் தொழிற்சாலையின் ஆளாகவே கருதலாம் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் 1970-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. முன்பு குடிநீர், கழிப்பிடம் முதலியவற்றுக்கு முதல் பொறுப்பு காண்டிராக்டருடையது; அவர் தவறினால்தான் தொழிற்சாலை. இப்போது அந்த வசதிகளைத் தொழிற்சாலையே தர வேண்டும். ஆனால் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்திய சட்ட விதிகள், இனி 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். ஒரு கை கொடுக்க, இன்னொரு கை எடுத்திருக்கிறது!

இதே சுங்குவார்சத்திரத்தில் இதே சொல் தலைநிமிர்ந்து நின்றதும் உண்டு. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டு மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே "ஒப்பந்தம்" என்றால் கௌரவம். காரணம், மேஜைக்கு இந்தப் பக்கமும் ஒரு பேனா இருந்தது. எல்லா வித்தியாசமும் அதில்தான்.

நம் வீட்டுப் பெண்ணோ, வீட்டு வேலைக்கு வருகிறவளின் பெண்ணோ அந்தப் பக்கம் வேலைக்குக் கிளம்பினால், பலகாரம் கட்டிக் கொடுப்பதோடு நான்கு விஷயங்களையும் விசாரித்து அனுப்புங்கள். வேலை நியமனக் கடிதம் தந்தார்களா, அதில் வேலை கொடுப்பவர் என்று யார் பெயர் இருக்கிறது? சம்பளச் சீட்டிலும், பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ. பதிவிலும் அதே பெயர்தானா? விடுதியை நடத்துவது யார், அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள்? காண்டிராக்டர் மாறினால், அதுவரை செய்த வேலைக்கு அனுபவச் சான்று கிடைக்குமா? கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்று புதிய சட்டமும் சொல்கிறது. இயந்திரம் அதே, இருக்கை அதே என்றாலும், காண்டிராக்டர் மாறிய அன்று தாளில் அவள் புது ஆளாகிவிடக்கூடும். அப்போது அந்தச் சான்றுதான் அவளுக்காகப் பேசும்.

இனி யாராவது "ஒப்பந்த வேலைதானே" என்று இளப்பமாகச் சொன்னால், "யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம்?" என்று கேளுங்கள். ஒரு தாளில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லாததற்கு, இளப்பம் அவளுக்கு எப்படிச் சேரும்?