கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போறீங்களா? அழிக்கிறதுக்கும் ஒரு வரிசை இருக்கு

வேலையிலிருந்து விலகும்போது அலுவலகம் திரும்பக் கேட்கும் பட்டியல் சின்னதுதான்: லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை. வாடகைக்கு எடுத்த லேப்டாப் என்றால் கடைக்காரர் எடுத்துப் போக வருவார். எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தால் புதியதைக் கொண்டு வருபவர் வாசலிலேயே பழையதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். இத்தனை நாள் நீங்கள் பயன்படுத்திய இயந்திரம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது.

அதற்குள் என்னென்ன இருக்கும்னு ஒரு நிமிடம் யோசிச்சுப் பாருங்க. 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் இ-ஆதார், பான் கார்டு ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். திறந்தபடியே இருக்கும் ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும்.

'இ-ஆதார் ஃபைலுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே' என்று சிலர் நினைக்கலாம். அந்த பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. அதே ஃபோல்டரில் உங்கள் பயோடேட்டா இருந்தால், பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருப்பது மாதிரிதான்.

டெலிட் செய்தால் போகாதா?

உடனே போகாது. நூலகத்தில் ஒரு புத்தகத்தின் பட்டியல் அட்டையை மட்டும் கிழித்துப் போட்டால் என்ன ஆகும்? பட்டியலில் புத்தகம் இருக்காது, ஆனால் அலமாரியில் அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் செய்வதும் இதுதான். ஃபைல் முதலில் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதையும் காலி செய்தால், 'இந்த இடம் இனி காலி' என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் ரெக்கவரி மென்பொருள் அதை மீட்டுவிடும். 'குயிக் ஃபார்மட்' செய்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு மாணவர்கள், 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். படிக்க முடிந்த 129 டிஸ்க்குகளில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்தது!

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. வாடிக்கையாளர் தகவல்களைச் சரியாக அழிக்காமல் பழைய கருவிகளைக் கைமாற்றிய விவகாரத்தில், 2022-இல் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பிரிவு ஒன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது.

முதல் கேள்வி: இது யாருடைய கம்ப்யூட்டர்?

அழிக்க ஆரம்பிக்கும் முன் இதைத் தெளிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் சொந்த லேப்டாப் என்றால் முழுவதையும் அழிக்கலாம். வாடகை லேப்டாப் என்றால் ரீசெட் செய்து தரலாமா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலக லேப்டாப் என்றால் நிலைமை வேறு. அதிலுள்ள வேலை சம்பந்தமான ஃபைல்களும் மெயில்களும் அலுவலகத்துக்குச் சொந்தம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவின்படி, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரில் உள்ள தகவலை அழித்தால் இழப்பீடு தர நேரிடும். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கோபத்தில் 'எல்லாத்தையும் துடைச்சிட்டுப் போறேன்' என்று ரீசெட் பட்டனைத் தட்டிவிடாதீங்க. அரசு அலுவலகத்தில் மாறுதலாகிச் செல்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அலுவலக லேப்டாப்பில் நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் தனிப்பட்ட ஃபைல்களையும் கணக்குகளையும் மட்டும் எடுத்துவிட்டு, 'முழுவதும் அழித்த பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள்' என்று ஐ.டி. பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்புவது. அந்த மெயிலின் நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

வரிசை ஏன் முக்கியம்?

பலருக்கும் தெரியாத சிக்கல் இங்கேதான் இருக்கு. உங்கள் போனும் கம்ப்யூட்டரும் ஒரே கணக்கில் இணைந்திருக்கும். குரோமில் லாகின் ஆன நிலையிலேயே சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்தால், அவை கூகுள் கணக்கிலிருந்தே போய்விடும். போனிலும் இருக்காது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் உள்ள குடும்பப் படங்களை அழித்தால், கிளவுடில் இருக்கும் பிரதியும் சேர்ந்து அழியும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் போய், நம் சொந்தத் தகவலையே இழந்துவிடுவோம்.

அதனால் இந்த வரிசையை மாற்றாதீங்க: முதலில் சேமி, அடுத்து துண்டி, கடைசியில் அழி.

படி 1: சேமியுங்கள்

தேவையான ஃபைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். அலுவலக லேப்டாப்பில் பென்டிரைவ் போட அனுமதி இல்லை என்றால், உங்கள் சொந்த ஃபைல்களை எப்படி எடுப்பது என்று ஐ.டி. பிரிவிடமே கேளுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு இடங்களையும் பாருங்கள். கடை வைத்திருப்பவர்கள் கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை மறக்க வேண்டாம். நகலெடுத்த பிறகு வேறு கம்ப்யூட்டரில் நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். 'காப்பி ஆயிடுச்சு' என்ற நம்பிக்கையில் அழித்துவிட்டு, பிறகு ஃபைல் திறக்காமல் போனால் வழியில்லை.

அலுவலக மெயில் முகவரியை வங்கி, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு போன்றவற்றில் கொடுத்திருந்தால், மெயில் முடக்கப்படும் முன்பே அதை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓ.டி.பி. உங்களுக்கு வராத இடத்துக்குப் போகும்.

படி 2: துண்டியுங்கள்

இதில் பாதி வேலையைக் கையில் இருக்கும் போனிலேயே முடிக்கலாம்.

* வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய், அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். டெலிகிராமில் 'செட்டிங்ஸ்', 'டிவைசஸ்'.
* கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியல் இருக்கும். திருப்பித் தரும் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து 'சைன் அவுட்' செய்யுங்கள்.
* கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். 'இந்தக் கருவியிலிருந்தும் தகவலை நீக்கவா' என்று கேட்டால் சம்மதம் கொடுங்கள். பிறகு அந்த பிரவுசர் ப்ரொஃபைலையே நீக்கிவிடுங்கள்.
* ஒன்டிரைவ் மேகக் குறியைத் தட்டி, செட்டிங்ஸில் 'அன்லிங்க் திஸ் பிசி' கொடுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை அழித்தால் கிளவுடில் உள்ளவை பாதிக்கப்படாது. அவசரத்தில் முன்பே அழித்துவிட்டீர்களா? தனிநபர் ஒன்டிரைவ் கணக்கில் அழித்தவை 30 நாட்கள் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளுங்கள்.
* டெண்டர் போடுபவர்கள், ஆடிட்டர்கள் கவனத்துக்கு: டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இன்னும் யு.எஸ்.பி.யில் செருகியே இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு வருவது, கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளை விட்டுவிட்டு வருவது போல.

படி 3: அழியுங்கள்

அலுவலக லேப்டாப் என்றால் உங்கள் சொந்த ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு அழிப்பு ஐ.டி. பிரிவின் வேலை.

சொந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருந்தால் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'ரீசெட் திஸ் பிசி' என்று போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். பலர் இங்கேயே 'நெக்ஸ்ட்' தட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து 'கிளீன் டேட்டா' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். சாதாரண ரீசெட் பட்டியல் அட்டையைக் கிழிப்பது என்றால், இதுதான் அலமாரியைக் காலி செய்வது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகி, இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் ஆள் வாசலில் நிற்கும்போது இதை ஆரம்பிக்கக் கூடாது.

இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம்தான். இதில் மேலே எழுதி அழிக்கும் பழைய முறை முழுமையாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எந்தத் தகவல் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை எஸ்.எஸ்.டி. தானே முடிவு செய்கிறது. இங்கே கைகொடுப்பது என்கிரிப்ஷன், அதாவது தகவலைப் பூட்டு போட்டே எழுதுவது. ரீசெட் செய்யும்போது சாவி அழிந்துவிடும். மிச்சம் இருந்தாலும் யாராலும் படிக்க முடியாத குப்பைதான். அதனால் ரீசெட் செய்யும் முன், 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சிப் உள்ள மேக் கணினியில், மேக்ஓஎஸ் மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஒரே வசதி போதும்.

முடிந்ததும் கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியது போல நாடு, மொழி கேட்கும் திரையைக் காட்ட வேண்டும். அங்கேயே அணைத்துவிடுங்கள். உங்கள் பெயர் எங்காவது தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

ஆன் ஆகவே மாட்டேங்குதா?

பழுதான லேப்டாப்பில் இருக்கும் டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும். உங்களுடையது என்றால், காயலான் கடைக்குப் போடும் முன் மெக்கானிக்கிடம் சொல்லி டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

பத்து நிமிடம் பயன்படுத்திய கம்ப்யூட்டரும் இதில் சேர்த்திதான்

ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்தீர்களா? கிளம்பும் முன் போனிலிருந்தே லாக் அவுட் செய்யுங்கள். டவுன்லோட் ஆன ஆதார் நகலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நீங்கும். ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத இடங்களில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுப்பது இன்னும் நல்லது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

பதற வேண்டாம், போனை எடுங்கள். படி 2-இல் சொன்ன வாட்ஸ்அப், கூகுள் லாக் அவுட்டுகளை இப்போதே செய்யலாம். மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பயோமெட்ரிக் லாக் போடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத கடன் ஏதாவது உங்கள் பெயரில் ஓடுகிறதா என்று அறிய, ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கம்ப்யூட்டரில் தங்கிவிட்ட ஃபைல்களை மட்டும் போனிலிருந்து அழிக்க முடியாது. அதற்கு, வாங்கிக்கொண்டவரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

* இணையவழிப் பண மோசடி நடந்தால் உடனே அழைக்க: 1930
* ஆதார் உதவி எண்: 1947
* மறக்கக் கூடாத வரிசை: சேமி, துண்டி, அழி