இரண்டு டிக், ஆயிரம் சந்தேகம்

செல்போன் திரையின் ஓரத்தில் தோன்றும் ஒரு பொடிக் குறி நட்பில் விரிசல் உண்டாக்குகிறது, நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்கிறது. ஆனால் அந்தச் சாட்சிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

மும்பை உயர் நீதிமன்றத்துக்கு 2018 ஜூனில் வந்தது அந்த வழக்கு. கிரெடிட் கார்டு பாக்கியை வசூலிக்கப் போராடிக்கொண்டிருந்தது ஒரு நிறுவனம். கடனாளி வீடு மாறிவிட்டார். நோட்டீஸை நேரில் கொடுக்க முடியவில்லை. நிறுவனத்தின் அதிகாரி அதை பி.டி.எஃப். கோப்பாக்கி அவருடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினார். செய்தி போய்ச் சேர்ந்தது மட்டுமல்ல, அதுவும் இணைப்பும் திறக்கப்பட்டிருக்கின்றன என்பதைத் திரையிலுள்ள குறிகளே காட்டுகின்றன என்றார் நீதிபதி கௌதம் படேல். நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டதாக ஏற்றுக்கொண்டார்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் வேறு மாதிரி பேசியது. விசாரணைக்கு ஆஜராகும்படி போலீஸ் அனுப்பும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றது.

ஒரே வாட்ஸ்அப். கடன் விவகாரத்தில் அது போதும், கைது விவகாரத்தில் போதாது. ஏன்? அந்த டிக்குகள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

சேர்ந்தது வேறு, படித்தது வேறு

உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது. அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. நீங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ். நேராக நண்பரின் போனுக்குப் போவதில்லை. செல்போன் நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போகிறது. நண்பரின் போன் அணைந்திருந்தால் அங்கேயே காத்திருக்கிறது. போன் உயிர் பெற்றதும் இறங்குகிறது. போன் மையத்துக்கு ஒரு ரசீது அனுப்புகிறது. இந்த ரசீதைத்தான் 'டெலிவரி ரிப்போர்ட்' என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ரசீது தருவது போன். மனிதர் அல்ல. செய்தி படிக்கப்பட்டதா என்று சொல்ல சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் வழியே கிடையாது. ஆண்ட்ராய்டு போன்களின் ஆர்.சி.எஸ். வசதியும் ஐபோனின் ஐமெசேஜும்தான் 'படித்தார்' என்பதையும் சொல்கின்றன. அதுவும், எதிராளி அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால்.

வாட்ஸ்அப்பின் கணக்கு தெளிவானது. ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் செய்தி உங்கள் போனை விட்டுப் புறப்பட்டுவிட்டது. இரட்டைச் சாம்பல் என்றால் எதிராளியின் போனையோ, அதனுடன் இணைத்த கம்ப்யூட்டரையோ எட்டிவிட்டது. இரண்டும் நீலமானால் திறக்கப்பட்டது. இந்த நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. வந்த சூட்டோடு எதிர்ப்பும் கிளம்ப, அதை அணைத்து வைக்கும் வசதியும் வந்தது. அணைத்தவருக்கு ஒரு தண்டனை உண்டு: மற்றவர்கள் படித்தார்களா என்பதை அவரும் பார்க்க முடியாது. குரூப்பில் மட்டும் அணைக்க முடியாது. அங்கே எல்லோரும் படித்த பிறகே நீலம் தெரியும்.

எனவே நாள்கணக்கில் சாம்பலாகவே நிற்கும் இரட்டை டிக்குக்கு 'அலட்சியம்' என்று அர்த்தம் இல்லை. அனுபவப்பட்டுத்தான் இதைக் கற்றேன். ஒருமுறை மொழிபெயர்ப்பு ஒன்றை டெல்லிக்கு அனுப்பிவிட்டு, 'கிடைத்ததா சார்?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நாள் இரட்டைச் சாம்பல். மூன்றாம் நாள் சற்றுக் காரமாகவே ஒரு வரி தட்டிவிட்டேன். அந்த மனிதர் நீல டிக்கை எப்போதோ அணைத்து வைத்தவர். முதல் நாளே நன்றி சொல்லி ஈமெயில் அனுப்பியிருந்தார். நான்தான் ஈமெயிலைத் திறக்கவில்லை.

நீல டிக் வராமலே படிக்கவும் முடியும். திரையின் மேலே இறங்கும் அறிவிப்பில் செய்தி முழுவதும் தெரிந்துவிட்டால் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. படித்தாகிவிட்டது. டிக் மட்டும் சாம்பலாகவே இருக்கும்.

பிளாக் செய்துவிட்டாரா?

மனக்கசப்புகள் பெரும்பாலும் ஒற்றை டிக்கில்தான் தொடங்குகின்றன. 'என்னை பிளாக் செய்துவிட்டான்' என்ற முடிவுக்கு வர இரண்டு நாள் போதும். வாட்ஸ்அப்பில் ஒருவர் உங்களை பிளாக் செய்தால் உங்கள் செய்தி ஒற்றை டிக்கோடு நின்றுவிடும் என்பது உண்மை. அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பது தெரியாது. புதிய படம் தெரியாது. அழைப்பும் போகாது.

ஆனால் போன் அணைந்தாலும் ஒற்றை டிக்தான். நெட் தீர்ந்தாலும், விமானத்தில் இருந்தாலும், போன் தண்ணீரில் விழுந்தாலும், வாட்ஸ்அப்பையே நீக்கிவிட்டாலும் அதேதான். கடைசி வருகையையும் படத்தையும் மறைத்து வைக்கத் தனி வசதிகள் இருக்கின்றன. பிளாக் செய்யப்பட்டதை உறுதியாகச் சொல்லும் ஒரு குறியை வாட்ஸ்அப் வேண்டுமென்றே வைக்கவில்லை. தொல்லை கொடுக்கும் ஆளை ஒரு பெண் பிளாக் செய்கிறார் என்று வையுங்கள். 'உன்னைத் தள்ளி வைத்துவிட்டார்' என்று அந்த ஆளுக்கு இயந்திரமே தகவல் சொன்னால் என்ன ஆகும்? அந்த மங்கல் ஒரு பாதுகாப்பு.

சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும்.

எஸ்.எம்.எஸ்.ஸில் கதை தலைகீழ். ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள கூகுள் மெசேஜஸில் ஒரு எண்ணை பிளாக் செய்தாலும் அதிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். போனுக்குள் வரத்தான் செய்கிறது. வந்து, பிளாக் ஆனவற்றுக்கான தனிப் பெட்டியில் விழுகிறது. போன் வாங்கிக்கொண்டதால் ரசீதும் போய்விடுகிறது. அனுப்பியவர் 'டெலிவர்ட்' என்று பார்த்து நிம்மதியாகத் தூங்குவார். பெற்றவர் கண்ணில் அது படவே படாது.

இன்னொரு குழப்பம்: வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வதும் போனில் பிளாக் செய்வதும் தனித்தனி. ஒன்றில் அடைத்த கதவு மற்றதில் திறந்தே இருக்கும்.

படித்தது யார்?

நீல டிக்கே விழுந்துவிட்டது. அப்போதாவது நிச்சயமா? போன் திறக்கப்பட்டது நிச்சயம். திறந்தது யார் விரல் என்பது டிக்குக்குத் தெரியாது. நம் வீடுகளில் போன் பொதுச் சொத்து. அப்பாவின் வாட்ஸ்அப்பை மகன் திறக்கிறான், பாட்டிக்கு வந்ததைப் பேத்தி படித்துக் காட்டுகிறாள். அலுவலகக் கம்ப்யூட்டரில் இணைத்த வாட்ஸ்அப்பை மூடாமலே சாப்பிடப் போகிறவர்கள் எத்தனை பேர்!

எண்ணே கை மாறுவதும் உண்டு. பயன்படுத்தாமல் துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குத் தரப்படலாம் என்பது 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே டிராய் சொன்ன தகவல். புதியவர் அந்த எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கினால் பழையவருக்கு நீங்கள் அனுப்பியது அவருக்குப் போகும். டிக் நீலமாகவும் மாறும்.

தபால்காரரும் டிக்கும்

பதிவுத் தபாலுக்கு இந்தச் சிக்கல் இல்லையா? இருந்தது. ஆனால் அங்கே நடுவில் ஒரு மனிதர் இருந்தார். 1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி சரியான முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும். 'வாங்க மறுத்தார்', 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதித் திருப்பினாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இல்லை என்று நிரூபிப்பது பெறுநர் பாடு. தந்தி 2013-ல் விடைபெற்றது. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டுடன் இணைந்தது. அந்த இடத்தில் டிக் வந்து நிற்கிறது.

2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணுப் பதிவு பெறுநர் குறிப்பிட்ட கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததுமே கிடைத்ததாகக் கொள்கிறது. படித்தாரா என்று கேட்பதில்லை. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னலில் நோட்டீஸ் அனுப்பலாம் என்றது உச்ச நீதிமன்றம். கூடவே ஒரு நிபந்தனை: அன்றே ஈமெயிலிலும் அனுப்ப வேண்டும். டிக்கை மட்டும் நம்ப நீதிபதிகள் தயாராக இல்லை.

போலீஸ் நோட்டீஸ் விஷயத்தில் பணயம் பெரிது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவின்படி வரும் நோட்டீஸை மதிக்காதவரைக் கைது செய்யலாம். மின்னணு வழியில் இதை அனுப்ப விட வேண்டும் என்று ஹரியானா அரசு கேட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்ற முத்திரையுடன் போகும் சம்மனுக்கு மின்னணு வழியை அனுமதித்த அதே சட்டம், இந்த நோட்டீஸுக்கு அதைச் சொல்லவில்லை. தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டது இது என்பதே காரணம். பேத்தி திறந்த செய்திக்காகத் தாத்தா சிறைக்குப் போகக் கூடாதல்லவா?

என்ன செய்யலாம்?

பணம், வேலை, வழக்கு சம்பந்தமான செய்தியா? வாட்ஸ்அப்போடு நிறுத்தாதீர்கள், ஈமெயிலிலும் அனுப்புங்கள். 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில் கேட்டு வாங்குங்கள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால் சேர்ந்த நேரமும், எதிராளி அணைக்காமல் இருந்தால் படித்த நேரமும் தெரியும். அதைப் படம் பிடித்து வைப்பதோடு செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமின் 63-வது பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் கரை சேர்க்காது.

எண் மாறினால் வங்கிக்கும் உறவினருக்கும் சொல்லிவிடுங்கள். யாரோ பிளாக் செய்துவிட்டதாகத் தோன்றினால், கோபப்படும் முன் சாதாரண போனில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

கடிதம் எழுதிய காலத்தில் பதிலின் முதல் வரியே 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்றுதான் இருக்கும். படித்தவரே தன் கையால் தந்த ரசீது அது. அதைக் கேட்காமலே போன் தந்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியை மனிதர் எழுதும்போதுதான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. யாருக்காவது நீங்கள் அந்த வரியை எழுத வேண்டியிருந்தால், இன்றே எழுதிவிடுங்கள்.