தீர்ப்பு நெருப்பு: எரிக்கவா, புடமிடவா?

சின்ன வயசுல ஆவடியில ஒரு கூட்டத்துல "அக்கினி நியாயத்தீர்ப்பு"ன்னு கேட்டுட்டு, ராத்திரி பூரா நான் தூங்கல. மல்கியா புத்தகத்தைப் படிச்சப்பதான் அந்த நெருப்பு யாருக்குன்னு புரிஞ்சது.

அதுல ரெண்டு நெருப்பு இருக்கு. 4-ஆம் அதிகாரத்துல அகங்காரிகள் துரும்பு மாதிரி எரியுறாங்க, வேர்கூட மிஞ்சாது. 3-ஆம் அதிகாரத்துல கடவுள் தட்டான் மாதிரி உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுறார். அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபர்னஸ் பத்தவைக்கிறது இரும்பை அழிக்கவா? இல்லையே!

அந்தக் காலத்துல வெள்ளியோட ஈயம் சேர்த்து உருக்குவாங்க. வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேணும். அந்தச் சூட்டுல ஈயம் ஆக்ஸைடாகி, கசடையும் இழுத்துட்டுப் போயிடும். வெள்ளி நிக்கும்.

சரி, புடத்துல முதல்ல போறது யாரு? லேவியின் பிள்ளைங்க. அதாவது, பலி செலுத்துற ஆசாரியர்கள். அடுத்து வர்ற குற்றப்பட்டியல்ல கூலிக்காரன் சம்பளத்தை அபகரிக்கிறவங்க, விதவையையும் அநாதையையும் ஒடுக்குறவங்க, பரதேசிக்கு அநியாயம் பண்றவங்க இருக்காங்க. பயந்துபோன எட்டு வயசுப் பையன் அந்த லிஸ்ட்லயே இல்ல.

புடம் போட்டும் கசடு பிரியலன்னா? அது எரேமியா 6-ஆம் அதிகாரம். அடுத்த எபிசோட்ல பேசுவோம்.